படித்தது எங்கே போகிறது?

(மூன்றாம் ஆண்டு, மின்னியல் பிரிவு மாணவன் எழுதியது)



பரீட்சை ஹாலில் நம்மில் பலருக்கும் நடக்கிற ஒரு விஷயம் உண்டு. கேள்வித்தாளைப் பார்த்ததும், "அட, இது எனக்குத் தெரியுமே!" என்று மனசு துள்ளும். அந்தப் பதில் புத்தகத்தில் வலது பக்கமா இடது பக்கமா, மேலே இருக்கிற படம், அதுக்குக் கீழே நாமே பச்சை மையில் போட்ட கோடு, ஓரத்தில் டீ சிந்தின கறை... எல்லாம் கண் முன்னாடி வந்து நிற்கும். பதில் மட்டும் வராது! பேனா மூடியைக் கடித்துக்கொண்டு ஃபேனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். மணி அடித்து வெளியே வந்ததும் நண்பன் ஒருத்தன் முதல் வார்த்தையைச் சொல்லுவான். உடனே மொத்தப் பதிலும் கடகடவென்று ஞாபகத்துக்கு வரும். தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கும்.

அப்படின்னா அது மண்டைக்குள்ளேதான் இருந்திருக்கிறது. பிறகு ஏன் கேட்ட நேரத்தில் வரவில்லை? இந்தக் கேள்விக்கு ஹாஸ்டலில் வழக்கமாகக் கிடைக்கும் பதில், "எனக்கு மெமரி பவர் கம்மிடா" என்பதுதான். முதல் வருஷத்திலேயே நாலைந்து அரியர் விழுந்து, "நமக்கு இதெல்லாம் ஒத்து வராது" என்று பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போனவர்களை நாம் பார்த்திருக்கிறோம். அவர்கள் படிக்காதவர்கள் இல்லை. விடிய விடிய லைட் எரிந்த அறைகள் அவர்களுடையவைதான். உழைப்பில் குறை இல்லை. உழைப்பு விழுந்த இடம்தான் தப்பு. எந்த இடத்தில் விழ வேண்டும் என்பதை, ஞாபகம் எப்படி வேலை செய்கிறது என்பதைப் பார்த்தால் புரிந்துகொள்ளலாம்.

ஞாபகம் என்றாலே நமக்கு உடனே கம்ப்யூட்டர்தான் உதாரணம். ரேம் தற்காலிகம், ஹார்டு டிஸ்க் நிரந்தரம். மூளையிலும் குறுகிய கால நினைவு, நீண்ட கால நினைவு என்று உண்டு. 1968-ல் அட்கின்சன், ஷிஃப்ரின் என்ற இருவர் இதை ஒரு பிளாக் டயகிராமாகவே போட்டுக் காட்டினார்கள். நம்ம பாடத்தில் வருவது போலவே கட்டங்களும் அம்புக்குறிகளும்! கண், காது வழியாக உள்ளே வருவது முதல் கட்டம். அதில் கவனித்தது மட்டும் குறுகிய கால நினைவுக்குப் போகும். அதிலும் ஒரு பகுதிதான் நீண்ட கால நினைவுக்கு மாறும். பாடம் நடத்த வசதியான படம்தான். ஆனால் கம்ப்யூட்டர் உவமை ஒரு இடத்தில் நம்மை நன்றாக ஏமாற்றிவிடும். கம்ப்யூட்டரில் 'சேவ்' அமுக்கினால் ஃபைல் அப்படியே பதியும். எத்தனை தடவை திறந்து பார்த்தாலும் அது கூடாது, குறையாது. மூளையில் அப்படி ஒரு பட்டன் கிடையாது. எடுத்துப் பார்க்கிற ஒவ்வொரு தடவையும் அந்த ஞாபகம் மறுபடியும் எழுதப்படுகிறது. எடுத்துப் பார்க்காதது மங்கிப்போகிறது.

இது எப்படித் தெரிய வந்தது என்று சொல்ல, முதலில் ஒரு மோட்டார் வைண்டரின் கதையைச் சொல்ல வேண்டும்.

மோட்டார் வைண்டர் ஹென்றி

ஹென்றி மொலைசன், அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்துக்காரர். 1926-ல் பிறந்தவர். பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு மோட்டாருக்குக் காயில் கட்டும் வேலை பார்த்தார். நம்ம ஆளு என்றே வைத்துக்கொள்ளுங்கள். சின்ன வயதிலிருந்தே வலிப்பு நோய். வயது ஏற ஏற அது முற்றி, எந்த மருந்துக்கும் அடங்காமல், வேலைக்கே போக முடியாத நிலைக்குக் கொண்டு வந்துவிட்டது. கடைசி முயற்சியாக 1953 ஆகஸ்ட் 25-ந் தேதி, ஹார்ட்ஃபோர்டு நகரில், வில்லியம் ஸ்கோவில் என்ற அறுவை மருத்துவர் அவருடைய மூளையின் இரண்டு பக்கமும், காதுக்கு உள்பக்கமாக இருக்கும் ஒரு பகுதியை எடுத்துவிட்டார். அதில் 'ஹிப்போகாம்பஸ்' என்ற உறுப்பின் பெரும்பகுதியும் போய்விட்டது. கடற்குதிரை மாதிரி வளைந்திருப்பதால் அதுக்கு அந்தப் பேர்.

வலிப்பு குறைந்தது. ஆனால் அதோடு வேறொன்றும் நின்றுபோயிற்று. அன்றிலிருந்து ஹென்றிக்குப் புதிதாக எதுவுமே ஞாபகத்தில் தங்கவில்லை. சாப்பிட்ட சாப்பாடு, வந்துபோன மனிதர், படித்த பத்திரிகை, எல்லாமே கொஞ்ச நேரத்தில் துடைத்துவிட்ட மாதிரி போய்விடும். 1955 ஏப்ரலில் அவரைப் பரிசோதித்தபோது, இது 1953 மார்ச், எனக்கு 27 வயது என்றார். பிரெண்டா மில்னர் என்ற உளவியல் அறிஞர் வருஷக்கணக்காக அவரைச் சந்தித்தார். ஒவ்வொரு தடவையும் புதிதாக அறிமுகம் செய்துகொள்ள வேண்டியிருந்தது!

இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், அவருக்கு அறிவு மழுங்கவில்லை. நுண்ணறிவுச் சோதனையில் சராசரிக்கு மேலேயே மதிப்பெண் எடுத்தார். நன்றாகப் பேசுவார், ஜோக் சொன்னால் சிரிப்பார். சின்ன வயதுச் சம்பவங்கள் நினைவில் இருந்தன. ஒரு எண்ணைச் சொல்லி "ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்" என்றால், வேறு எதிலும் கவனம் போகாதவரை வைத்துக்கொள்வார். ஒரு தடவை 584 என்ற எண்ணை அந்த எண்களைக் கூட்டிக் கழித்துக் கணக்குப் போட்டுக்கொண்டே கால் மணி நேரம் பிடித்து வைத்திருந்தார். பேச்சு வேறு பக்கம் திரும்பியதும் எண் போச்சு. எண் சொன்னார்கள் என்பதே போச்சு.

ஆக, கையில் பிடித்து வைத்திருப்பது ஒரு வேலை. அதை நிரந்தரமாக்குவது வேறு வேலை. இரண்டாவதுக்கு ஹிப்போகாம்பஸ் வேண்டும். ஆனால் பழைய ஞாபகங்கள் மிச்சம் இருந்ததால், நீண்ட கால நினைவு கடைசி வரை ஹிப்போகாம்பஸிலேயே குடியிருப்பதில்லை என்பதும் தெரிந்தது. புதிதாக வந்ததை அது கொஞ்ச காலம் வைத்திருந்து, மூளையின் மேலுறையில் பரவலாக ஊன்றுவதற்கு உதவுகிறது. கன்று ஊன்றின புதிதில் கட்டும் முட்டுக்கொம்பு போல.

இன்னொரு ஆச்சரியம் பாக்கி இருக்கிறது. மில்னர் அவரிடம் இரட்டைக் கோட்டில் வரைந்த ஒரு நட்சத்திரப் படத்தைக் கொடுத்தார். கோடுகளுக்கு நடுவே பென்சிலை ஓட்ட வேண்டும். ஆனால் கையையும் தாளையும் நேராகப் பார்க்கக் கூடாது, கண்ணாடியில் பார்த்துத்தான் வரைய வேண்டும். நீங்களும் வரைந்து பாருங்கள், கை எதிர்ப்பக்கமாகவே போகும். ஹென்றி மூன்று நாள் செய்தார். நாளுக்கு நாள் தப்பு குறைந்தது. மூன்றாம் நாள் சுலபமாக வரைந்தார். ஆனால் இதை இதற்கு முன்னால் செய்ததாக அவருக்கு ஞாபகமே இல்லை! கைக்குத் தெரிந்திருக்கிறது, ஆளுக்குத் தெரியவில்லை.

ஃபிட்டிங் ஷாப்பில் அரம் பிடித்துத் தேய்ப்பது, வெல்டிங்கில் ராடுக்கும் பிளேட்டுக்கும் இடைவெளி மாறாமல் கொண்டு போவது, இவையெல்லாம் இந்த வகை ஞாபகம். மேனுவலைப் பத்து தடவை படித்தாலும் வராது. கை செய்தால்தான் வரும். அதே மாதிரி, பிராக்டிகலில் அழகாகக் கனெக்ஷன் கொடுக்கிற பையன் வைவாவில் திணறினால் அவனை மக்கு என்று நினைக்காதீர்கள். இரண்டும் வேறு வேறு கணக்கில் வரவு வைக்கப்படுபவை.

ஹென்றி 2008-ல், 82-வது வயதில் காலமானார். அதன் பிறகுதான் அவர் முழுப்பெயரை உலகம் தெரிந்துகொண்டது. அதுவரை ஆராய்ச்சிப் புத்தகங்களில் அவர் வெறும் 'ஹெச்.எம்.'தான். 2009-ல் அவர் மூளையை 2401 மெல்லிய சீவல்களாக்கிப் பாதுகாத்திருக்கிறார்கள்.

வாசல் சின்னது

சரி, உள்ளே போகிற வாசலுக்கு வருவோம். 1956-ல் ஜார்ஜ் மில்லர் என்பவர், ஒரே சமயத்தில் மனதில் பிடித்து வைத்திருக்க முடிவது ஏழு உருப்படி, கூடக் குறைய இரண்டு என்று எழுதினார். அது ரொம்பப் பிரபலம். பின்னால் வந்தவர்கள் அதையும் குறைத்துவிட்டார்கள். மனசுக்குள் திருப்பித் திருப்பிச் சொல்வதையும் சேர்த்துக் கட்டுவதையும் தடுத்துப் பார்த்தால், நாலுதான் தேறும் என்று 2001-ல் நெல்சன் கோவன் காட்டினார். பத்து இலக்க மொபைல் நம்பரை நாம் ஏன் பிரித்துப் பிரித்துச் சொல்கிறோம் என்று இப்போது புரிகிறதா?

பிடித்து வைக்கும் நேரமும் குறைவு. மூன்றே மூன்று எழுத்தைக் கொடுத்து, உடனே ஒரு எண்ணிலிருந்து மூன்று மூன்றாகக் கழித்துக்கொண்டே வரச் சொன்னார்கள். அது 1959-ல் பீட்டர்சன் தம்பதி செய்த சோதனை. 18 விநாடியில் பெரும்பாலும் அந்த மூன்று எழுத்தும் காலி! வகுப்பில் சார் போர்டில் எழுதும்போது பக்கத்து பெஞ்சில் ஒருத்தன் கிசுகிசுத்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. இப்போது போர்டை செல்போனில் படம் பிடித்து வைத்துக்கொள்ளும் பழக்கம் வேறு வந்திருக்கிறது. பாடம் போனுக்குள் போயிருக்கிறது, அவ்வளவுதான்.

வாசல் நாலு பேர் போகிற அளவுதான் என்றால், சில பேருக்கு மட்டும் எப்படி அவ்வளவு போகிறது? இதற்கு நம்ம துறையிலேயே ஒரு சோதனை இருக்கிறது. 1979-ல் வெளியானது. அனுபவமுள்ள எலக்ட்ரானிக்ஸ் டெக்னீஷியன்களுக்கும் புதியவர்களுக்கும் ஒரு சர்க்யூட் படத்தைச் சில விநாடி காட்டி, மறைத்து, வரையச் சொன்னார்கள். டெக்னீஷியன்கள் அதிகம் வரைந்தார்கள். இதில் அதிசயம் இல்லை. அதே சிம்பல்களைத் தாறுமாறாகக் கலைத்துப் போட்டுக் காட்டியபோது அந்த வித்தியாசம் காணாமல் போய்விட்டது! அப்படியானால் டெக்னீஷியனுக்கு விசேஷமான மூளை இல்லை. புதியவன் ரெசிஸ்டர், கெப்பாசிட்டர், டயோடு என்று ஒவ்வொன்றாகத் தூக்குகிறான். டெக்னீஷியன் "இது ரெக்டிஃபையர், இது ஃபில்டர், இது ஆம்ப்ளிஃபையர்" என்று மூன்று மூட்டையாகத் தூக்குகிறார். வாசல் அதே அளவுதான். மூட்டை பெரிது.

ரெசிஸ்டர் கலர் கோடுக்கு "பி.பி. ராய் ஆஃப் கிரேட் பிரிட்டன்" என்று சீனியர் சொல்லித் தந்ததும் மூட்டைதான். பத்து கலரை ஒரு ஆளாக மாற்றிவிட்டார்கள்.

மூட்டை கட்டும் பழக்கத்தை எவ்வளவு தூரம் கொண்டு போகலாம்? அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரில் ஒரு சாதாரணக் கல்லூரி மாணவன், நம்மைப் போலவே ஏழு எண் வரைதான் திருப்பிச் சொல்ல முடிந்தவன், ஒன்றரை வருஷத்துக்கு மேல் பயிற்சி செய்து 79 எண்களை ஒரே தடவை கேட்டுத் திருப்பிச் சொன்னான். 1980-ல் இதை வெளியிட்டார்கள். அவன் ஓட்டப்பந்தய வீரன். 3492 என்று கேட்டால் "ஒரு மைல் ஓட்டம், 3 நிமிடம் 49.2 விநாடி" என்று தனக்குத் தெரிந்த ஓட்ட நேரமாக மாற்றிக்கொள்வான். எண்களுக்குப் பதில் எழுத்துக்களைக் கொடுத்தார்கள். பழையபடி ஆறு எழுத்தில் வந்து நின்றுவிட்டான்! அவனுடைய 'மெமரி பவர்' ஏறவே இல்லை. தெரிந்ததோடு தெரியாததை முடிச்சுப் போடக் கற்றுக்கொண்டான். நம்ம ஊர் அவதானக் கலையும் பழக்கத்தால் வந்ததே. நாகர்கோவில் கோட்டாற்றைச் சேர்ந்த செய்குத்தம்பிப் பாவலர் 1907-ல் சென்னையில் சதாவதானம் செய்து காட்டியபோது பலரும் தெய்வ வரம் என்றார்கள். அதற்குப் பின்னால் இருந்த தமிழ்ப் படிப்பும் பயிற்சியும் எவ்வளவு என்று நினைத்துப் பாருங்கள்.

இந்த இடத்தில் தமிழ் மீடியத்திலிருந்து வந்த நண்பர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். ஃபாரடே விதியை நாம் எப்படிப் படிக்கிறோம்? பதினைந்து இங்கிலீஷ் வார்த்தைகள். அர்த்தம் தெரியாதபோது ஒவ்வொரு வார்த்தையும் தனித்தனி உருப்படி. நாலு பேர் போகிற வாசலில் பதினைந்து பேரை நெருக்குகிறோம். நடுவில் ஒரு வார்த்தை விழுந்தால் பின்னால் வருவது முழுக்க நின்றுபோகும். இது மெமரி கோளாறு இல்லை, வாசல் நெரிசல்! பழைய சைக்கிளில் டைனமோ பார்த்திருப்பீர்கள். டயரோடு சேர்ந்து சுற்றும், பல்பு எரியும். நின்றால் அணையும். வேகமாக மிதித்தால் பிரகாசம் கூடும். காயிலைத் தொடும் காந்தப்பாயம் மாறினால்தான் மின்னழுத்தம் உண்டாகும், மாறும் வேகம் கூடினால் அதுவும் கூடும். ஃபாரடேயின் இரண்டு விதியும் அந்த டைனமோவிலேயே இருக்கிறது. முதலில் இதைத் தமிழில் மனசுக்குள் ஓட்டிப் பாருங்கள். அப்புறம் அந்தப் பதினைந்து வார்த்தையைப் படியுங்கள். அவை டைனமோ மேல் ஒட்ட வைக்கும் லேபிள்கள் ஆகிவிடும். பரீட்சைக்கு இங்கிலீஷ் வாக்கியம் வேண்டும்தான், மறுக்கவில்லை. எதை முதலில் உள்ளே அனுப்புவது என்பதுதான் கேள்வி.

நத்தையும் தூக்கமும்

உள்ளே போனது எதில் எழுதப்படுகிறது? மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பு செல்கள் இருக்கின்றன. ஒரு செல்லும் இன்னொரு செல்லும் சந்திக்கும் இடம் 'சினாப்ஸ்'. சேர்ந்து வேலை செய்யும் செல்களுக்கு நடுவே இணைப்பு பலப்படும் என்று 1949-ல் டொனால்ட் ஹெப் ஊகித்துச் சொன்னார். ஆள் நடக்க நடக்க வயலில் ஒற்றையடிப் பாதை விழுகிற மாதிரி.

கற்கும்போது இணைப்பு மாறுகிறது என்பதை எரிக் கேண்டல் என்ற அறிஞர் ஒரு கடல் நத்தையை வைத்துக் காட்டினார். 'அப்ளிசியா' என்று பேர். மொத்தமே சுமார் இருபதாயிரம் நரம்பு செல்தான், அதுவும் பெரிது பெரிதாக. ஒரு தடவை லேசாக ஷாக் கொடுத்தால் நத்தை கொஞ்ச நிமிஷம் உஷாராக இருக்கும், பிறகு மறந்துவிடும். இடைவெளி விட்டு விட்டுப் பல தடவை கொடுத்தால் நாள்கணக்கில் மறக்காது. இந்த இரண்டுக்கும் நடுவே என்ன வித்தியாசம் என்று பார்த்தார்கள். குறுகிய கால ஞாபகத்தில், இருக்கிற சினாப்ஸில் ரசாயன மாற்றம் மட்டும் நடந்திருந்தது. நீண்ட கால ஞாபகத்தில் செல்லின் உட்கருவிலிருந்து உத்தரவு போய், புதுப் புரதம் தயாராகி, புது இணைப்புகளே முளைத்திருந்தன. 2000-ல் கேண்டலுக்கு நோபல் பரிசு கிடைத்தது. வேறு இருவரோடு பகிர்ந்துகொண்டார்.

அதாவது, நீண்ட கால ஞாபகம் என்பது ஒரு கட்டுமான வேலை. செங்கல் அடுக்கி, சிமெண்ட் பூசி, தண்ணீர் விட்டு, காய விட வேண்டும். கான்கிரீட்டுக்குக் க்யூரிங் எத்தனை நாள் என்று சிவில் நண்பர்களுக்குத் தெரியும். முதல் நாள் ராத்திரி கொட்டிவிட்டு மறுநாள் காலையில் லாரி ஏற்றலாமா?

க்யூரிங் நடக்கிற நேரம் பெரும்பாலும் தூக்கம். 1924-லேயே ஜென்கின்ஸ், டாலன்பாக் என்ற இருவர், மனப்பாடம் செய்துவிட்டுத் தூங்கியவர்கள் விழித்திருந்தவர்களை விட மிகக் குறைவாகவே மறந்தார்கள் என்று காட்டினார்கள். 1994-ல் எலிகளின் ஹிப்போகாம்பஸில் நுண் மின்முனை வைத்துப் பார்த்தபோது, பகலில் எலி ஓடும்போது சேர்ந்து துடித்த செல்கள், பிறகு அது தூங்கும்போதும் சேர்ந்து துடித்தன. எலி தூக்கத்தில் ரிவிஷன் செய்கிறது நண்பர்களே! நாம் மட்டும் ராத்திரி பூரா கண் விழித்து அந்த ரிவிஷனை ரத்து செய்துகொண்டிருக்கிறோம்.

புத்தகத்தை மூடு

மறதியை முதன்முதலில் அளந்து பார்த்தவர் ஜெர்மனியைச் சேர்ந்த ஹெர்மன் எபிங்ஹாஸ். 1885-ல் புத்தகம் வெளியிட்டார். சோதனை எலி அவரேதான். அர்த்தமில்லாத அசைகளை வரிசையாக மனப்பாடம் செய்வார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் மனப்பாடம் செய்வார். இரண்டாம் தடவை எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்று பார்ப்பார். 20 நிமிஷம் கழித்து 58 சதவீதம் மிச்சம். ஒரு மணி நேரத்தில் 44. ஒரு நாளில் 34. ஒரு மாதம் கழித்தும் 21! மறதி முதல் ஒரு மணி நேரத்தில் மலையிலிருந்து உருள்கிறது, அப்புறம் சமவெளி. அரியர் வைத்திருக்கிறவர்கள் அந்தக் கடைசி எண்ணைக் கவனியுங்கள். சுத்தமாக மறந்துவிட்டது என்று நினைக்கிற பாடத்திலும் அடியில் கொஞ்சம் தங்கியிருக்கிறது. பூஜ்யத்திலிருந்து யாரும் ஆரம்பிப்பதில்லை.

அவர் இன்னும் இரண்டு விஷயம் கண்டுபிடித்தார். அர்த்தமுள்ள கவிதை வரிகளுக்கு, அதே நீள அர்த்தமற்ற அசைகளுக்குத் தேவைப்பட்டதில் பத்தில் ஒரு பங்கு முயற்சியே போதுமாக இருந்தது. இரண்டாவது, ஒரே நாளில் 68 தடவை சொல்லிப் பெற்ற பலனை, மூன்று நாளில் பிரித்து 38 தடவை சொல்லியே பெற்றார். பாதிக்குக் கொஞ்சம் மேலே உழைப்பு, அதே பலன். பிரித்துப் படி என்று நம்ம சார்கள் சொல்வது வெறும் அட்வைஸ் இல்லை, அளந்து பார்த்த கணக்கு.

இப்போது முக்கியமான சோதனைக்கு வருகிறேன். 2006-ல் ரோடிகர், கார்பிக்கி என்ற இருவர், கல்லூரி மாணவர்களிடம் ஒரு பாடப்பகுதியைக் கொடுத்தார்கள். ஒரு கோஷ்டி அதை நாலு வேளையும் படித்தது. இன்னொரு கோஷ்டி ஒரு வேளை மட்டும் படித்துவிட்டு, மீதி மூன்று வேளையும் புத்தகத்தை மூடிவிட்டு ஞாபகத்திலிருந்து எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிஷம் கழித்துச் சோதித்தால் படித்த கோஷ்டி 83 சதவீதம், எழுதின கோஷ்டி 71. படித்தவர்கள்தான் ஜெயித்தார்கள்! ஒரு வாரம் கழித்துச் சோதித்தார்கள். படித்த கோஷ்டி 40-க்கு இறங்கிவிட்டது. எழுதின கோஷ்டி 61-ல் நின்றது. இன்னும் ஒரு வேடிக்கை. "ஒரு வாரம் கழித்து எவ்வளவு ஞாபகம் இருக்கும்?" என்று முதலிலேயே கேட்டபோது, அதிக நம்பிக்கையோடு பதில் சொன்னது நாலு வேளையும் படித்த கோஷ்டி!

பரீட்சை ஹாலில் வருகிற "தெரியுமே!" என்ற துள்ளலுக்கு விடை இங்கேதான் இருக்கிறது. திருப்பித் திருப்பிப் படிக்கும்போது அந்தப் பக்கம் நமக்குப் பழக்கமான முகம் ஆகிவிடுகிறது. பஸ்ஸில் தினம் பார்க்கிற முகம் மாதிரி. பேர் கேட்டால் தெரியாது. பார்த்தால் அடையாளம் தெரிவது ஒரு திறமை. பார்க்காமல் வரவழைப்பது வேறு திறமை. நாம் பழகுவது முதலாவதை, கேள்வித்தாள் கேட்பது இரண்டாவதை. வெளியே வந்ததும் நண்பன் முதல் வார்த்தையைச் சொல்லும்போது எல்லாம் வருவதும் இதனால்தான். பாதையின் வாசல் மட்டும்தான் தெரியவில்லை, அதை அவன் காட்டிவிட்டான்.

எப்படிச் செய்வது? ஒரு உதாரணம் சொல்கிறேன். இண்டக்ஷன் மோட்டார் பாடத்தை ஒரு தடவை புரிந்து படித்தாயிற்று. புத்தகத்தை மூடுங்கள். ஒரு வெள்ளைத்தாள். தோட்டத்து மோட்டார் நேம் பிளேட்டில் 1440 ஆர்.பி.எம். என்று போட்டிருக்குமே, ஏன் 1440 என்று உங்களையே கேளுங்கள். 50 ஹெர்ட்ஸ், நாலு போல் என்றால் 120-ஐ 50-ஆல் பெருக்கி 4-ஆல் வகுக்க வேண்டும், 1500. காந்தப்புலம் சுற்றுகிற வேகம் அது. ரோட்டர் 60 சுற்று பின்தங்குகிறது. 60-ஐ 1500-ஆல் வகுத்தால் 4 சதவீதம், அதுதான் ஸ்லிப். ஏன் பின்தங்க வேண்டும்? இரண்டும் ஒரே வேகம் என்றால் ரோட்டர் கண்டக்டரைக் காந்தப்பாயம் வெட்டாது, கரண்ட் இல்லை, டார்க் இல்லை. பார்த்தீர்களா, மறுபடி டைனமோவுக்கே வந்துவிட்டோம்! ஒரு எண்ணைப் பிடித்து இழுத்தால் அரைப் பாடம் பின்னாலேயே வருகிறது. நடுவில் தடுமாறின இடத்தை உடனே புத்தகத்தில் பார்க்காமல் ஒரு நிமிஷம் திணறிப் பாருங்கள். அந்தத் திணறல் கஷ்டமாகத்தான் இருக்கும். பாதை விழுவது அப்போதுதான்.

ஆனால் எழுதி முடித்ததும் புத்தகத்தோடு ஒத்துப் பார்ப்பதை விட்டுவிடக் கூடாது. ஞாபகம் ஜெராக்ஸ் மெஷின் இல்லை. ஒவ்வொரு தடவையும் கதையைப் புதிதாகக் கட்டுகிறது. 1932-ல் ஃபிரெடரிக் பார்ட்லெட் இங்கிலாந்தில் செவ்விந்தியர் கதை ஒன்றைப் படிக்கக் கொடுத்து, பிறகு ஞாபகத்திலிருந்து எழுதச் சொன்ன சோதனையை வெளியிட்டார். கதையிலிருந்த கனோ தோணி சாதாரணப் படகு ஆகிவிட்டது. கடல்நாய் வேட்டை மீன்பிடிப்பு ஆகிவிட்டது. புரியாத இடத்தை எல்லாம் தனக்குத் தெரிந்ததைப் போட்டு அடைத்திருந்தார்கள், தெரியாமலேயே. ஒத்துப் பார்க்காமல் திருப்பிச் சொன்னால் தப்பும் அதே அளவு உறுதியாகப் பதிந்துவிடும். சீனியர் ரெக்கார்டைப் பார்த்து ஜூனியர், அதைப் பார்த்து அவன் ஜூனியர் என்று எழுதி, ஒரு தப்பான அம்மீட்டர் ரீடிங் தலைமுறை தலைமுறையாக வாழ்வது நமக்குத் தெரியாததா?

இன்னொரு நல்ல வழி, அடுத்தவனுக்குச் சொல்லிக் கொடுப்பது. பழைய திண்ணைப் பள்ளிக்கூடத்தில் சட்டாம்பிள்ளை சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவான். ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் சென்னை எழும்பூர் அனாதைப் பள்ளியில் மாணவர்களை வைத்தே மாணவர்களுக்குப் பாடம் சொல்ல வைத்து, 1797-ல் அதைப் பற்றி லண்டனில் புத்தகம் போட, 'மெட்ராஸ் சிஸ்டம்' என்று இங்கிலாந்து முழுவதும் பரவியது. அதில் அதிகம் லாபம் அடைந்தது கேட்டவனா சொன்னவனா என்றால், சொன்னவன்தான் என்பது என் கட்சி. புத்தகம் பார்க்காமல் சொல்ல வேண்டும், "ஏன்?" என்று கேட்டால் பதில் வேண்டும். வெள்ளைத்தாளும் அதையேதான் செய்கிறது, ஆனால் வெள்ளைத்தாள் குறுக்குக் கேள்வி கேட்காது. ஹாஸ்டலில் குரூப் ஸ்டடி என்று சொல்லி நாலு பேரும் அமைதியாக நாலு புத்தகத்தைப் படித்துக்கொண்டிருப்பது குரூப்தான், ஸ்டடியா என்று தெரியவில்லை.

வல்லாரை பற்றியும் நிறையப் பேர் கேட்கிறார்கள். கீரை உடம்புக்கு நல்லது, மெஸ்ஸில் போட்டால் சாப்பிடுங்கள். புத்தகத்தை மூடிவிட்டு எழுதிப் பார்க்கிற வேலையை அது நமக்காகச் செய்யாது.

கடைசியாக, அக்டோபரிலும் ஏப்ரலிலும் எல்லா அறையிலும் கேட்கிற கேள்வி: "நாளைக்குப் பரீட்சை, இன்னைக்கு ராத்திரி என்னடா பண்றது?" தொடாத யூனிட்டை இன்றைக்குத் தொடாதீர்கள். ஏற்கனவே புரிந்து படித்த யூனிட்களை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு தாளில் தலைப்புகளையும் படங்களையும் ஃபார்முலாக்களையும் பார்க்காமல் எழுதுங்கள். வராததை மட்டும் புத்தகத்தில் பாருங்கள், அரை மணி கழித்து அதை மறுபடி எழுதிப் பாருங்கள். பதினோரு மணிக்கு லைட்டை அணைத்துவிடுங்கள். பக்கத்து அறையில் லைட் எரிந்தால் எரியட்டும். காலையில் எழுந்ததும் அந்தத் தாளை இன்னொரு தடவை, பார்க்காமல்.